அடிமைமுறையை முதலாளித்துவம் வளர்த்ததா, ஒழித்ததா?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிக்கொள்கிறேன். "அடிமைமுறை பழங்கால வழக்கம், சந்தையும் கூலி உழைப்பும் வந்ததும் கட்டுப்படியாகாமல் தானாக அழிந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அடிமைகளின் உழைப்பில்தான் இங்கிலாந்தின் ஆலைகளே எழுந்தன என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது?"

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அட்லாண்டிக் கடலைச் சுற்றி நடந்த அடிமைமுறையைப் பழைய காலத்தின் மிச்சம் என்று தள்ளிவிட முடியாது. கடன், உண்டியல் (இன்ன தேதியில் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் தாள்), அடமானம், இன்சூரன்ஸ், பேரேடு என்று முதலாளித்துவத்தின் கருவிகள் எல்லாம் அங்கே முழு வீச்சில் ஓடின. நான் வங்கித் தணிக்கையில் 30 வருடம் இருந்தவன். அந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது சவுக்கைப் பற்றி ஏற்கெனவே தெரியும். என் தூக்கத்தைக் கெடுத்தது அவர்களுடைய கணக்குப் புத்தகங்கள்தான். எனக்கு அத்தனை பழக்கமான கட்டங்களில் மனிதர்களின் பெயர்கள் எழுதியிருந்தன. அதனால் இந்தப் பதில் பெரும்பாலும் கணக்கு வழியாகவே போகும்.

அதற்குமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிமைமுறை முதலாளித்துவத்தைவிட மிகவும் பழையது. கிரேக்கத்திலும் ரோமிலும் இருந்தது, அரபு உலகில் இருந்தது, ஆப்பிரிக்க அரசுகளிலும் இருந்தது. நம் ஊரிலும் இருந்தது. தம்மையும் தம் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. தஞ்சைப் பண்ணைகளில் சாதியோடு பின்னிக் கிடந்த அடிமைத்தனத்துக்கு லண்டன் வங்கி எதுவும் காரணமில்லை. எல்லா அடிமைத்தனத்தையும் முதலாளித்துவத்தின் தலையில் கட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அட்லாண்டிக்கில் நடந்தது வேறு வகை. ஆளை வாங்கும் பணம் ஒரு நாட்டிலிருந்து வந்தது. அவனை ஏற்றிவரும் கப்பலுக்கு இன்னொரு ஊரில் இன்சூரன்ஸ் எடுத்தார்கள். அவன் விளைவிக்கும் பொருளை அவனுக்கும் அவன் எஜமானனுக்கும் முகம் தெரியாத லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். அந்தப் பொருளின் விலை ஏறி இறங்கும்போது அவனுடைய விலையும் ஏறி இறங்கியது.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 1501 முதல் 1866 வரை ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். அமெரிக்கக் கண்டங்களின் கரையில் உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். இடைப்பட்ட 18 லட்சம் பேர் நடுக்கடலிலேயே முடிந்துபோனார்கள். இறங்கியவர்களில் ஏறக்குறைய 49 லட்சம் பேர் பிரேசிலுக்குப் போனவர்கள். இன்று அடிமைமுறை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நேராகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு.

இனி ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். லிவர்பூலிலிருந்து கப்பல் கிளம்புகிறது. உள்ளே துப்பாக்கி, வெடிமருந்து, பித்தளைப் பாத்திரம், சாராயம். கூடவே இந்தியத் துணி. மேற்கு ஆப்பிரிக்க வியாபாரிகள் துணியில் கெட்டிக்காரர்கள். சாயம் போகும் சரக்கை வாங்க மாட்டார்கள். நம் சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணிக்கு அங்கே தனி மதிப்பு இருந்தது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன அந்தத் துணிக்குப் பெயரே கினி. கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். இன்னொரு சரக்கு சோழி. மாலத்தீவில் கடலிலிருந்து அள்ளிய சோழி இலங்கை வழியாகவும் வங்காளம் வழியாகவும் ஆம்ஸ்டர்டாமுக்கும் லண்டனுக்கும் போய், அங்கே ஏலமாகி, மேற்கு ஆப்பிரிக்காவில் நாணயமாக இறங்கியது. நாம் தாயம் விளையாடும் அதே சோழியைக் கோடிக்கணக்கில் எண்ணிக் கொடுத்து மனிதர்களை வாங்கியிருக்கிறார்கள். அவுரிச் சாயம் தோய்த்தவருக்கும் சோழி பொறுக்கியவருக்கும் தம் கைப்பொருள் எங்கே போய் எதற்கு மாறும் என்பது தெரிந்திருக்க வழியில்லை.

பள்ளிப் பாடத்தில் இதை முக்கோண வணிகம் என்று படம் போடுவார்கள். ஐரோப்பாவிலிருந்து சரக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சர்க்கரை. மூன்றாவது கோட்டில் ஒரு திருத்தம் தேவை. சர்க்கரையை ஏற்றிவருவதற்கென்று வேறு கப்பல்கள் இருந்தன. அடிமைக் கப்பல் பல சமயம் பாதி காலியாகத்தான் திரும்பியது. அதன் கேப்டன் கொண்டுவந்த முக்கியமான சரக்கு காகிதம். நகரத்தார் கடைகளில் உண்டியல் என்பார்களே, அதேதான். ஜமைக்காத் தோட்டக்காரரிடம் ரொக்கம் இருக்காது. அவருக்காக லண்டனில் சர்க்கரை விற்றுக் கொடுக்கும் தரகுக் கடை ஒன்று இருக்கும். "இன்ன தேதியில் இன்ன தொகை கொடுக்கவும்" என்று அந்தக் கடையின் பேரில் உண்டியல் எழுதுவார்கள். தவணை ஒரு வருடம், இரண்டு வருடம், சில சமயம் மூன்று வருடம்கூட. லிவர்பூல்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். வட்டம், அதாவது தவணைக்கு முன் பணம் பெறுவதற்கான தள்ளுபடி, கழித்துக்கொண்டு அதைக் காசாக்குவார், அல்லது துணி வாங்கிய கடனுக்கு மேலெழுத்துப் போட்டு, அதாவது தன் கையெழுத்தோடு பிறர் பேருக்கு மாற்றி, கொடுப்பார். அந்தத் தாள் லங்காஷயர் துணி வியாபாரியிடம் போகும், அங்கிருந்து வங்கிக்குப் போகும். ஆப்பிரிக்காவைப் படத்தில்கூடப் பார்த்திராத ஒருவர் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்.

அந்தத் தாளின் மதிப்பு எதை நம்பி நின்றது? இன்னும் விளையாத கரும்பை. அதை வெட்டப் போகிறவர்கள் அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கி, எண்ணெய் பூசி நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.

கடன் கொடுத்தவருக்கு இதில் ஒரு பயம் உண்டு. கடன் திரும்பாவிட்டால் என்ன செய்வது? அதற்காகவே பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1732-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காலனிகளில் கடன்பட்டவரின் நிலம், வீடு ஆகியவற்றோடு அடிமைகளையும் ஜப்தி செய்து கடனுக்கு ஈடுகட்டலாம் என்றது அந்தச் சட்டம். பல வரலாற்று நூல்களில் இதற்கு ஓரிரு வரிகூடக் கிடைப்பதில்லை. எனக்கோ அட்லாண்டிக் அடிமைமுறையின் அச்சாணி இதுதான் என்று படுகிறது. ஈடு என்றால் அதற்கு விலை தெரிந்திருக்க வேண்டும், சீக்கிரம் விற்க முடிய வேண்டும், இடம்விட்டு இடம் கொண்டுபோக முடிய வேண்டும் என்று புதிதாகச் சேரும் குமாஸ்தாவுக்கும் சொல்லிக் கொடுப்போம். கடல் கடந்த நிலத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. மனிதர்களுக்கு மூன்றும் உண்டு. தாயை ஒரு கடனுக்கும் பிள்ளையை இன்னொரு கடனுக்கும் பிரித்து எழுதலாம்.

இதன் முற்றிய வடிவத்தைப் பார்க்க அமெரிக்காவின் தென்மாநிலமான லூசியானாவுக்குப் போக வேண்டும். 1827-இல் அங்கே தோட்டக்காரர்கள் கூடிச் சங்கம் போல ஒரு வங்கி தொடங்கினார்கள். நிலத்தையும் அடிமைகளையும் வங்கியிடம் அடமானம் வைப்பார்கள். அந்த அடமானங்களின் பேரில் கடன் பத்திரம் வெளியாகும். மாநில அரசு அதற்கு உத்தரவாதம் கொடுக்கும். லண்டனின் பேரிங் நிறுவனம் அதை ஐரோப்பாவில் விற்றுக் கொடுக்கும். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்த பிறகும், அந்தப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த ஒரு லண்டன்வாசி லூசியானா அடிமைகளின் மேல் வட்டி வாங்கிக்கொண்டிருக்க முடிந்தது. 1831-க்கும் 1865-க்கும் இடையே அதே மாநிலத்தின் சிட்டிசன்ஸ் வங்கி, கனால் வங்கி இரண்டும் சுமார் 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றிருந்தன. கடன் வாராக்கடன் ஆனபோது அவர்களில் சுமார் 1,250 பேர் வங்கியின் சொத்தாகவே ஆனார்கள். அந்த வங்கிகளின் வழிவந்த ஜே.பி. மார்கன் சேஸ் 2005-இல் இந்த விவரத்தைத் தானே வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

இன்சூரன்ஸ் பக்கம் என்ன நடந்தது என்பதற்கு ஸாங் கப்பல் ஒன்று போதும். லிவர்பூல் கூட்டாளிகளின் கப்பல் அது. 1781-இல் 442 பேரை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. கொள்ளளவைவிட மிகவும் அதிகம். நோய் பரவியது, பலர் இறந்தார்கள். ஜமைக்காவைக் கண்ணால் பார்த்த பிறகும் வேறு தீவு என்று தவறாக எண்ணித் தாண்டிப் போய்விட்டார்கள். குடிநீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29-ஆம் தேதி பெண்களையும் குழந்தைகளையும் ஜன்னல் வழியாகக் கடலில் தள்ளத் தொடங்கினார்கள். அடுத்த நாட்களில் ஆண்களை. மொத்தம் 130 பேருக்கு மேல். இடையில் மழை பெய்து தண்ணீர் சேர்ந்தது. அதன் பிறகும் தள்ளினார்கள் என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிவந்தது. கப்பல் கரை சேர்ந்தபோது 400 கேலனுக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது.

ஏன் செய்தார்கள்? கணக்குத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். தலைக்கு 30 பவுண்டு இன்சூரன்ஸ். நோயில் இறந்தால் அது இயற்கை மரணம், நஷ்டம் கப்பல்காரருடையது. கப்பலையும் மீதிச் சரக்கையும் காப்பாற்ற வேறு வழியின்றிச் சரக்கைக் கடலில் எறிந்தால் இன்சூரன்ஸ்காரர் கொடுத்தாக வேண்டும். 1783-இல் வழக்கு வந்தது. கொலை வழக்கு வரவே இல்லை. வந்தது இன்சூரன்ஸ் வழக்கு. நடுவர் குழு கப்பல்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மேல் விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, குதிரைகளைத் தள்ளியதைப் போலத்தான் இந்த வழக்கைப் பார்த்தார்கள் என்று குறிப்பிட்டு, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். ஒருகாலத்தில் தானே அடிமையாக இருந்து காசு சேர்த்து விடுதலை வாங்கிய ஒலாடா எக்குவியானோதான் இந்தச் சேதியை, அடிமைமுறைக்கு எதிராகப் போராடிவந்த கிரன்வில் ஷார்ப்பிடம் ஓடிப்போய்ச் சொன்னார். ஷார்ப் கொலைக் குற்றம் சாட்ட எவ்வளவோ முயன்றார். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்நாளில் அடிமைக் கப்பல்களுக்கு இன்சூரன்ஸ் தந்த சந்தைகளில் முதன்மையானது லண்டனின் லாயிட்ஸ். அது தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது 2020-இல்.

கரையில் இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? கரும்புத் தோட்டத்தை வயல் என்று நினைத்துவிடக் கூடாது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளில் பிழிந்தாக வேண்டும், பிழிந்த சாற்றை உடனே காய்ச்சியாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். அதனால் தோட்டத்துக்குள்ளேயே ஆலை இருந்தது. அறுவடை மாதங்களில் இரவும் பகலும் ஷிப்ட் முறையில் ஓடியது. பெரியவர்கள் முதல் அணி, நடுத்தர வலுவுள்ளவர்கள் இரண்டாம் அணி, குழந்தைகள் புல் பிடுங்கும் மூன்றாம் அணி என்று உழைப்பைப் பிரித்திருந்தார்கள். மான்செஸ்டரில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே பார்படோஸில் இது நடந்தது. உருளைகளுக்குள் கரும்பைச் செருகுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. தூக்கக் கலக்கத்தில் விரல் மாட்டினால் கை முழுவதும் உள்ளே போகும். உருளையை நிறுத்த நேரமிருக்காது. அதற்காகப் பக்கத்திலேயே ஒரு கைக்கோடரி தொங்கும், கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற. அது அங்கே தொங்கவேண்டும் என்று யாரோ யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள். ஆலையின் தளவாடங்களில் அதுவும் ஒன்று.

இங்கே இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜமைக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். 1834-இல் அடிமைமுறை முடிந்தபோது அங்கே உயிரோடு இருந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 11 ஆயிரம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 4 லட்சத்துக்கும் குறைவானவர்கள் வந்து, 1860-இல் சுமார் 40 லட்சம் பேர் இருந்தார்கள். கரும்பின் கொடுமை, நோய், பெண்களின் எண்ணிக்கைக் குறைவு என்று பல காரணங்கள். தோட்டக்காரர்களின் கணக்கும் அதில் ஒன்று. சர்க்கரை விலை நன்றாக இருந்து கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு குழந்தையை வளர்த்து ஆளாக்குவதைவிட வளர்ந்த ஆளைப் புதிதாக வாங்குவது மலிவு என்று பலரும் வெளிப்படையாகவே கணக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் 1808-இல் இறக்குமதி தடையானதும் கணக்கு தலைகீழானது. பிறக்கும் குழந்தையே சொத்து என்றானது.

அந்தக் காலத்தில்தான் பருத்தி வந்தது. 1793-இல் எலி விட்னி பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் எந்திரத்தைச் செய்தார். கையால் நாளெல்லாம் பிரித்தால் ஒரு பவுண்டு பஞ்சு கிடைத்த இடத்தில் 50 பவுண்டு கிடைத்தது. 1790-இல் அமெரிக்கா சுமார் 15 லட்சம் பவுண்டு எடையளவே பருத்தி விளைத்தது. 1860-இல் ஏறக்குறைய 200 கோடி பவுண்டு. பிரிட்டிஷ் ஆலைகள் வாங்கிய பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அங்கிருந்தே போனது. பழைய மாநிலங்களிலிருந்து மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் சுமார் 10 லட்சம் பேர் பிரித்து விற்கப்பட்டும் நடத்திக் கூட்டிச் செல்லப்பட்டும் போனார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம்.

பருத்திக் காட்டில் ஒரு நாள் எப்படி முடியும் என்பதை சாலமன் நார்த்தப் எழுதியிருக்கிறார். சுதந்திர மனிதராகப் பிறந்து, 1841-இல் கடத்தி விற்கப்பட்டு, 12 வருடம் லூசியானாவில் அடிமையாக இருந்து மீண்டவர். இருட்டிய பிறகு கூடையைச் சுமந்து எடைபோடும் இடத்துக்குப் போகும்போது ஒவ்வொருவருக்கும் பயம் பிடித்துக்கொள்ளுமாம். எடை குறைந்தால் அடி. கூடினாலும் ஆபத்து, நாளையிலிருந்து அந்தக் கூடுதல் எடைதான் அவருக்கு இலக்கு. எடுப்பவரின் பெயருக்கு நேரே அன்றைய பவுண்டு எழுதப்படும். 1800-களின் தொடக்கத்திலிருந்து உள்நாட்டுப் போர் வரை ஓர் ஆள் ஒரு நாளில் எடுக்கும் பஞ்சு ஏறக்குறைய நான்கு மடங்கானது. நல்ல விதை ரகங்கள்தான் காரணம் என்று சில பொருளாதார வரலாற்றாசிரியர்கள் காட்டுகிறார்கள். அளந்து அடித்ததுதான் காரணம் என்று வரலாற்றாசிரியர் எட்வர்டு பாப்டிஸ்ட் வாதிடுகிறார். விதையின் பங்கு பெரிது என்பதற்கான சான்று எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் காய் பெருத்து எளிதில் கைக்கு வருவதாக மாறிய அந்தப் பஞ்சைத் தினமும் எல்லை வரை எடுக்க வைத்தது எடைச் சீட்டும் சவுக்கும்தான். கூடுதல் எடைக்குக் கூலி என்று பொதுவாக எதுவும் கிடையாது.

1840-களின் இறுதியில் தாமஸ் அஃப்லெக் என்பவர் பருத்தித் தோட்டங்களுக்கென்றே அச்சடித்த கணக்குப் புத்தகம் விற்றார். தினசரி எடைக்கு ஒரு படிவம், மருந்துச் செலவுக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று. ஒரு பக்கத்தில் அடிமைகளின் பட்டியல்: பெயர், வயது, வருட ஆரம்பத்தில் மதிப்பு, வருட முடிவில் மதிப்பு. பிறந்த குழந்தை வரவில் சேரும். வளரும் பையனின் மதிப்பு வருடா வருடம் கூடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் குறையும். தேய்மானம் என்று நாம் லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் எழுதுவோமே, அதுவேதான். முதியவர்களின் பெயருக்கு நேரே சுழி போட்டிருக்கும் பட்டியல்களும் உண்டு. ஆலைகளில் தேய்மானக் கணக்கு பரவலாவதற்கு முன்பே தோட்டங்களில் அது எழுதப்பட்டது. 1860-இல் அமெரிக்காவில் அடிமைகளின் மொத்தச் சந்தை மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல். அந்நாட்டின் ரயில்வேயும் தொழிற்சாலைகளும் சேர்ந்தாலும் அதற்குக் குறைவே என்பது வரலாற்றாசிரியர் பலரும் தரும் கணக்கு.

இனி சர்ச்சைக்கு வருகிறேன். எரிக் வில்லியம்ஸ் 1911-இல் டிரினிடாடில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் 1938-இல் முடித்த ஆய்வை வளர்த்து, 1944-இல் 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' என்ற நூலை வெளியிட்டார். பிறகு தன் நாட்டுக்கு முதல் பிரதமரும் ஆனார். அவர் சொன்னவை இரண்டு. அடிமை வணிகமும் தோட்டங்களும் தந்த பணம் பிரிட்டனின் தொழிற்புரட்சிக்குத் தீனி போட்டது என்பது முதலாவது. மேற்கிந்தியத் தீவுகள் நொடித்து, தடையற்ற வாணிபம் லாபமாகத் தெரிந்த பிறகுதான் பிரிட்டன் அடிமைமுறையைக் கைவிட்டது, மனிதாபிமானம் மட்டும் அதற்குக் காரணமில்லை என்பது இரண்டாவது.

முதலாவதை மறுப்பவர்கள் சொல்வது: அடிமைக் கப்பல்களின் லாபம் சராசரியாக வருடத்துக்கு 10 சதவீதத்துக்குள்தான் இருந்தது, மொத்த நாட்டு வருமானத்தில் அது மிகச் சிறிய துண்டு. கணக்குச் சரிதான். ஆனால் ஒரு ஊருக்கு ரயில் என்ன செய்தது என்பதை அந்த ஸ்டேஷனின் டிக்கெட் வசூலை வைத்து அளக்க முடியுமா? கப்பல் கட்டியவர், கயிறு திரித்தவர், பித்தளை வார்த்தவர், இன்சூரன்ஸ் எழுதியவர், உண்டியலுக்கு வட்டம் கழித்தவர், சர்க்கரை சுத்திகரித்தவர், பஞ்சு வாங்கி நூல் நூற்றவர் எல்லோரையும் சேர்த்தால் வேறு படம் தெரியும். பொருளாதார வரலாற்றாசிரியர் ஜோசப் இனிகோரி போன்றவர்கள் அந்தப் படத்தைத்தான் விரித்துக் காட்டினார்கள். மான்செஸ்டருக்கு வேண்டிய பஞ்சை விளைவிக்க இங்கிலாந்தில் நிலமும் இல்லை, வெயிலும் இல்லை.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். பிரிட்டனைவிட அதிகம் பேரைக் கடல் கடத்தியது போர்ச்சுகல். அங்கே தொழிற்புரட்சி வரவில்லை. நிலக்கரி, எந்திரக் கைவினைஞர்கள், வளர்ந்த வங்கிமுறை என்று வேறு பலவும் பிரிட்டனில் கூடிவந்தன. அடிமைமுறை மட்டும் தொழிற்புரட்சியைப் பெற்றுவிடவில்லை. அது இல்லாமல் அந்தக் காலத்தில், அந்த வேகத்தில், பருத்தியை நம்பி அது நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆடம் ஸ்மித்தை மேற்கோள் காட்டி, அடிமை உழைப்பு லாபமில்லாதது என்று சொல்கிறவர்கள் உண்டு. அடிமையின் வேலை முடிவில் எல்லாவற்றையும்விட விலை கூடியது என்று 1776-இல் அவர் எழுதியது உண்மை. அதே இடத்தில், கரும்பிலும் புகையிலையிலும் வரும் லாபம் அந்தச் செலவைத் தாங்கும் என்றும் எழுதினார். இதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

வில்லியம்ஸின் இரண்டாவது வாதம்தான் பலவீனம். 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தபோது மேற்கிந்தியத் தோட்டங்கள் நொடித்துப் போயிருக்கவில்லை என்று 1977-இல் வரலாற்றாசிரியர் சீமோர் டிரெஷர் வர்த்தகப் புள்ளிவிவரங்களோடு காட்டினார். அப்படியானால் நல்ல மனதால்தான் ஒழிந்ததா? லட்சக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள், குடும்பம் குடும்பமாகத் தீவுச் சர்க்கரையை வாங்க மறுத்தார்கள். அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் இரு தரப்பாரும் அடிமைகளையே மறந்துவிடுகிறார்கள். சுமார் 5 லட்சம் அடிமைகள் இருந்த பிரெஞ்சுக் காலனியான செயின்ட் டொமிங்குவில் 1791-இல் கிளர்ச்சி மூண்டது; உலகின் மிகச் செழிப்பான காலனி எரிந்தது; 1804-இல் அது ஹெய்ட்டி என்ற தனிநாடு ஆனது. 1823-இல் பிரிட்டிஷ் காலனியான டெமராராவில் கிளர்ச்சி. 1831 கிறிஸ்துமஸில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் பல்லாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள், தோட்டங்கள் எரிந்தன, 300-க்கு மேற்பட்டோருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அடுத்த இரண்டே வருடத்தில் ஒழிப்புச் சட்டம் வந்தது. கலகம் மூளும் ஒவ்வொரு முறையும் ஈட்டின் மதிப்பு ஆட்டம் காணும். கடன் கொடுத்தவருக்கு அது உடனே புரிந்துவிடும்.

ஒழித்தபோதும் கணக்கு முதலாளிக்கே சாதகமானது. 1833 சட்டப்படி பிரிட்டிஷ் அரசு கொடுத்த நஷ்டஈடு 2 கோடி பவுண்டு, அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம். கொடுத்தது உடைமையாளர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதோடு 1838 வரை பழகுநர் என்ற பெயரில் பழைய எஜமானனுக்கே சம்பளமில்லாமல் உழைத்தார்கள். நஷ்டஈட்டுக்காக 1835-இல் அரசு ஒன்றரைக் கோடி பவுண்டு கடன் வாங்கியது. அந்தக் கடனின் கடைசி மிச்சம் பல பத்திரங்களாக உருமாறி அடைபட்டது 2015-இல். லண்டனில் வேலை பார்க்கும் நம் ஆட்கள்கூட அதற்கு வரி கட்டியிருக்கிறார்கள். ஹெய்ட்டிக்கு நடந்தது இன்னும் மோசம். 1825-இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் கேட்டது, தோட்டங்களை இழந்தவர்களுக்கு நஷ்டஈடாக. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். முதல் தவணைக்கே பாரிஸ் வங்கிகளிடம் 3 கோடி கடன்; அதில் 60 லட்சத்தைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். அதை ஒட்டிய கடன்கள் தீர்ந்தது 1947-இல். தன்னைத் தானே விடுவித்துக்கொண்ட மக்கள் தம் விலையைத் தவணையில் கட்டினார்கள்.

நம் கதை இங்கேதான் சேர்கிறது. 1833 சட்டத்தில் ஒரு பிரிவு கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் விலக்கிவிட்டது. இந்தியாவுக்கு 1843 வரை தனிச் சட்டம் வரவில்லை. நஷ்டஈடு வாங்கியவர்களில் பெரும்புள்ளி ஜான் கிளாட்ஸ்டன், பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தகப்பனார். 2,508 பேருக்கு 1 லட்சத்து 6 ஆயிரம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். 1836-இல் அவர் கல்கத்தாவில் உள்ள ஒரு கம்பெனிக்கு எழுதினார், தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்ப முடியுமா என்று. 1838-இல் இரண்டு கப்பலில் சுமார் 400 பேர் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போய் இறங்கினார்கள். சென்னையிலிருந்து மொரிஷியஸுக்கும், 1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனவர்களின் வழியும் இதே வகை. ஒப்பந்தக் கூலி அடிமை இல்லை. காலக்கெடு உண்டு, கூலி உண்டு, பிள்ளை எஜமானனுக்குச் சொந்தமாகாது. அந்த வித்தியாசம் பெரிது. ஆனால் தோட்டமும் கொட்டடியும் சர்க்கரைக் கணக்கும் அவையே.

1861-இல் அமெரிக்காவில் போர் மூண்டு துறைமுகங்கள் அடைபட்டபோது லங்காஷயர் ஆலைகள் பட்டினி கிடந்தன. பஞ்சு தேடி உலகமெங்கும் அலைந்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறி நல்ல விலை கண்டது அப்போதுதான். 1865-இல் போர் முடிந்தது, விலை சரிந்தது.

அமெரிக்கத் தெற்கில் விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய எஜமானன் நிலத்தையே, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பிடித்தார்கள். விதை, மாவு, பன்றிக்கறி, துணி எல்லாம் ஊர்க் கடையில் கடன். ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. இன்னும் பூக்காத பருத்தியைக் கடைக்காரர் ஈடாக எழுதிக்கொள்வார். வேறு பயிர் வைக்க விடமாட்டார். 1880-க்குள் தெற்கின் பருத்தி விளைச்சல் போருக்கு முந்திய அளவைத் தாண்டிவிட்டது. டிசம்பரில் கணக்குப் பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாத குடியானவர் எதிரே நிற்க, கடைக்காரர் பஞ்சின் எடையையும் விலையையும் வரவில் எழுதி, கடனையும் வட்டியையும் கழித்து, மீதிக் கடனை அடுத்த வருடப் பக்கத்தின் முதல் வரியில் எழுதிக்கொள்வார்.